படுத்திருங்கள் என்று சொன்னேனே, பூவக்கா

என் பிரியமான பூவக்கா,

எந்த இரைச்சலிலும் உங்கள் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். முப்பது தையல் மெஷின் ஓடுகிற ஹாலின் அந்தக் கோடியிலிருந்து "ஏட்டி தொளசி" என்பீர்கள்; இந்தக் கோடியில் நான் திரும்பிப் பார்ப்பேன். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் சில சமயம் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

எங்கள் மகளிர் குழு கொண்டுவருகிற சின்ன இதழுக்கு, இறந்துபோன ஒருவருக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய்க் காய்ந்த துணியை எடுத்து மடிக்கிறேன். மறுபடி இரண்டு வரி. பிறகு வாசலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை அக்கா. புகையிலையை விட்டுப் பதினோரு வாரம் ஆகிறது, அதனால் இருக்கலாம். கை அதுபாட்டுக்கு இடுப்பைத் தடவிப் பொட்டலத்தைத் தேடுகிறது. ஆனால் அது மட்டும்தானா?

படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. சொல்லிவிடுகிறேன். நான் துளசிமணி, ஐம்பத்து நான்கு வயது, நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். நீங்கள் ஞானப்பூ. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பத்தொன்பது வருடம் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு. பத்தொன்பது வருடம் ஒரே டேபிளில் எதிரெதிராக நின்று, பனியனில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்தோம். அரை நூல் பிரிந்திருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது. ஒருத்தியின் எலும்பு பிரிந்துகொண்டிருந்தது மட்டும் நம் இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பிவிட்டது.

உங்களுக்கு நாற்பத்து நான்கு வயதிலேயே மாதவிலக்கு நின்றது. நீங்கள் அதைக் கொண்டாடினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? டீ டைமில் எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து, "சனியன் விட்டுதுட்டி. இனி நான் ஆம்பள மாதிரி" என்றீர்கள். எனக்கும் நின்ற பிறகு, உடம்பு திடீரென்று தீப்பிடித்த மாதிரி காந்தும்போதெல்லாம், இரண்டு பேரும் ஒரே ஃபேனுக்கு அடியில் இடம் பிடிக்கச் சண்டை போட்டோம். வேர்த்து வழிந்தது நமக்குத் தெரிந்தது. உள்ளே நடந்தது தெரியவில்லை.

நாம் ஒரே உயரம் அக்கா. சந்தையில் ஒரே அளவு நைட்டி இரண்டு எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் உங்கள் நைட்டி தரையைக் கூட்டியது. துவைத்துத் துணி தளர்ந்துவிட்டது என்று சொல்லி அடியை மடித்துத் தைத்துக்கொண்டீர்கள். அப்புறம் ஒரு நாள், "ஏட்டி, இந்த டேபிளு உசரமாயிட்டாட்டி?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். பேக்கிங் செக்‌ஷனில் கிடந்த ஒரு பலகையைக் கொண்டுவந்து உங்கள் காலடியில் போட்டேன். நீங்கள் ஏறி நின்று, "இப்ப சரியா இருக்கு" என்றீர்கள். ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக எனக்குப் பெருமை. ஒரு பொம்பளை எப்படிக் குட்டையாவாள் என்று நான் ஏன் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை?

அடுத்த மழைக்காலத்தில் பீஸ் கட்டு ஒன்றைத் தரையிலிருந்து குனிந்து தூக்கினீர்கள். "ஆ" என்று ஒரு சத்தம். அப்படியே டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "வாய்வுங்கக்கா, பூண்டு சுட்டுத் தின்னுங்க" என்று சொன்னவளும் நான்தான். மூன்று வாரம் முதுகைப் பிடித்துக்கொண்டே வேலைக்கு வந்தீர்கள். அதற்கு அடுத்த வருடம் கம்பெனி வாசலில் வழுக்கிக் கையை ஊன்றினீர்கள். மணிக்கட்டு. எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி வந்தீர்கள். கை கொஞ்சம் கோணலாகக் கூடியது. கத்தரி பிடிக்க முடிகிறதா என்று பார்த்தோம். முடிந்தது. அத்தோடு விட்டோம்.

பிறகுதான் அந்தக் காலை. பாத்ரூமில் பாசி. குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினீர்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது ஒரு காலைத் திருப்பிப் போட்டபடி கிடந்தீர்கள். வலியில் முகம் வெளுத்திருக்க, "ஏட்டி, குடம் ஒடையல" என்றீர்கள். குடத்தையா பார்ப்பார்கள் அக்கா?

கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்பில் தகடும் ஆணியும் வைத்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வாக்கரும் கொடுத்து, தினமும் எழுப்பி நிற்க வையுங்கள், நடக்க வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். உங்கள் மகள் எஸ்தர் அருள்புரத்தில் தன் வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு வந்து தங்கினாள். ஓவர்லாக் டெய்லர் வேலைக்குப் போகும் முன் காலையில் உங்களை எழுப்பப் பார்ப்பாள். நீங்கள் வலியில் கத்துவீர்கள். அந்தச் சத்தம் நம் நடுச்சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

"உடு கண்ணு. அறுவது வயசாகப் போகுது அக்காவுக்கு. எலும்பு கூட வேண்டாமா? படுத்திருக்கட்டும்."

"நடக்க வைக்கணும்னு சொல்லித்தான் சித்தி அனுப்பியிருக்காங்க."

"அவிய சொல்லுவாங்க. வலி யாருக்கு? ஒடஞ்ச காலை ஊனச் சொன்னா எப்பிடி ஊனுவாங்க? அக்கா, நீங்க படுங்க."

நீங்கள் என்னை நன்றியோடு பார்த்தீர்கள். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. எஸ்தர் வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் உங்கள் ராஜ்யம் என் கையில். கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு வந்தேன். கஞ்சியைப் படுக்கையிலேயே ஊட்டினேன். படுக்கையிலேயே துடைத்தேன். தலை சீவிவிட்டேன். தலையணையை உயர்த்தினேன், தாழ்த்தினேன். வாக்கரைக் கதவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். இரண்டே நாளில் அதில் துண்டு காய ஆரம்பித்தது. இவ்வளவு பாசமாக ஒருத்தி பார்த்துக்கொள்வாளா என்று லைனே பேசியது. எனக்கும் கேட்க நன்றாக இருந்தது.

முதுகில் புண் வந்தது. பிறகு சளி. பிறகு காய்ச்சல், மூச்சுத் திணறல். ஏழாவது வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, கல்லறைத் தோட்டத்து வாசலில், எல்லார் முன்னாலும் எஸ்தர் சொன்னாள்: "எங்கம்மாவ நீங்க பாசத்துலயே படுக்கப் போட்டுட்டீங்க." அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வீட்டைக் காலி செய்யும்போது உங்கள் எவர்சில்வர் டிபன் பாக்ஸைக்கூட என்னிடம் கொடுக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு போனாள்.

எனக்கு எப்படிக் கோபம் வந்தது தெரியுமா? பெற்ற மகள் வேலைக்குப் போய்விட்டாள், பீயும் மூத்திரமும் அள்ளியவள் நான், என்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை. ஒரு வருடம் அந்தக் கோபத்தை மடியில் கட்டிக்கொண்டே திரிந்தேன். யார் கேட்டாலும் சொன்னேன். எல்லாரும் என் பக்கம்தான் பேசினார்கள்.

அந்தக் கோபம் ஒரே நாளில் போனது. எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு எலும்புப் பரிசோதனை முகாம் போட்டார்கள். இலவசம் என்றதும் செக்கிங்கிலிருந்து ஆறு பேர் போனோம். குதிகாலில் பசை தடவி ஒரு மெஷினுக்குள் வைக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிடம். என் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, என்னைத் தனியாக உட்காரவைத்தார். சின்ன வயது. பொறுமையாகப் பேசினார்.

"மாதவிலக்கு நின்னு எவ்வளவு நாளாச்சும்மா?"

"நாலு வருசமாச்சுங்க."

"நின்ன முதல் சில வருஷம்தான் எலும்பு ரொம்ப வேகமாக் கரையும். வலிக்காது. ஒடஞ்சாத்தான் தெரியும். இந்த மெஷின் மேலோட்டமாத்தான் காட்டும், கோயமுத்தூர்ல இடுப்பு, முதுகு ஸ்கேன் எடுத்துருங்க. எப்பவாவது மணிக்கட்டு ஒடஞ்சுதா? திடீர்னு முதுகு புடிச்சுதா? உயரம் கொறஞ்ச மாதிரி இருக்கா?"

அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க நான் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். "எனக்கில்லீங்க," என்றேன். "எங்கக்காளுக்கு. நீங்க சொன்ன மூணுமே வந்துச்சுங்க." பிறகு இடுப்பு ஒடிந்ததைச் சொன்னேன். ஆபரேஷனைச் சொன்னேன். கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "ஆபரேசன் பண்ணுனவங்க படுத்திருக்கோணுமுங்களா, நடக்கோணுமுங்களா?"

"அடுத்த நாளே எழுப்பி நிக்க வைப்போமே. படுக்கப் படுக்க எலும்பும் கரையும், சதையும் கரையும், நெஞ்சுல சளி கட்டும். ஏம்மா?"

நான் எழுந்துவிட்டேன். மண்டபத்துப் படியில் வந்து உட்கார்ந்தேன். உடன் வந்தவர்கள் எனக்கு எலும்பு தேய்ந்துவிட்டது என்று பயந்து அழுகிறேன் என நினைத்தார்கள்.

அன்றிலிருந்துதான் எனக்கு இந்த இருப்புக் கொள்ளாமை. கோயமுத்தூர் போய் ஸ்கேன் எடுத்தேன். இடுப்பில் குறைவு, முதுகில் இன்னும் மோசம். வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. நான் எங்கே படுக்கிறேன்? அந்த அரை மணியில் சமையலறைக்கும் வாசலுக்குமாக நூறு நடை நடந்துவிடுகிறேன்.

உங்களுக்கு என் புதுப் பிழைப்பைச் சொல்ல வேண்டும். சிரிப்பீர்கள். எலும்புக்கு ஆகாது என்றதால் புகையிலையை விட்டேன்; ஒரு நாளைக்கு ஐந்து டீ குடித்தவள் இரண்டில் நிற்கிறேன். காலையில் ராகிக்களி, மதியம் தயிர், வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை. நெத்திலிக் கருவாடு வீட்டுக்குள் வந்தாலே மூக்கைப் பொத்துகிற எங்கள் வீட்டுக்காரர் இப்போது நெத்திலிக் குழம்பு கேட்கிறார். "முள்ளோட மெல்லுட்டி" என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் நான் முள்ளை எடுத்துப் பூனைக்குப் போட்டேன். இப்போது மெல்லுகிறேன். உப்பு ஆகாது என்பதால் கருவாட்டை மூன்று தண்ணீரில் அலசுகிறேன். சுவையெல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறது. அதற்குப் பச்சை மீனே வாங்கலாம். அதையும் செய்கிறேன்.

வேலை விட்டு வந்ததும் அரை மணி வேக நடை. நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுகிறேன். டேபிளைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். ஒற்றைக்காலில் நிற்கிறேன், சுவரைத் தொட்டபடி. முதல் தடவை பார்த்த எங்கள் வீட்டுக்காரர், "ஏனுங்க அம்மணி, தவமா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு இரும்புக் குழாய். பாத்ரூம் சுவரில் துளை போட்டுக் கைப்பிடியாகப் பதித்துக் கொடுத்தார். பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டு நானே சுரண்டினேன். முட்டி போட்டுச் சுரண்டும்போது, நீங்கள் விழுந்த இடம் எது என்று கை நின்று நின்று போனது. இதை இரண்டு வருடத்துக்கு முன்னால் செய்ய எனக்கு என்ன கேடு வந்தது?

கம்பெனியிலும் சண்டை போட்டேன். ஐம்பது பீஸ் கட்டை இருபத்தைந்தாகக் கட்டச் சொன்னேன். குனிந்து தூக்காதீர்கள், முட்டியை மடக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள் என்று எங்கள் ஆட்களுக்குச் செய்து காட்டினேன். மேனேஜர் வந்தார். "தொளசியக்கா, பண்டல் டபுள் ஆச்சுன்னா டேக் டபுள், என்ட்ரி டபுள். ஷிப்மென்ட் டைம்ல இதென்ன புது ரூல்?"

"டேக் நாங்களே போட்டுக்கறோமுங்க. உங்கம்மாவுக்கு என்ன வயசுங்க?"

"அறுவத்திரண்டு. ஏன்?"

"முதுகு நேரா இருக்குதுங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். இருபத்தைந்து கட்டு நிலைத்துவிட்டது. இன்னொன்று கேளுங்கள். இப்போது பகலில் அடிக்கடி கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் மெஷின்களுக்கு மட்டும்தான். வெளிச்சம் இல்லாமல் செக்கிங் நடக்காது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் நிழல் தேடி உட்காருவோமே. இப்போது எல்லாரையும் வெயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறேன். டியூப்லைட்டுக்கு அடியிலேயே காலையிலிருந்து ராத்திரிவரை நிற்கிற நமக்கு வெயில் எங்கே பட்டது? "கறுத்துப் போவோமுங்கக்கா" என்று சின்னப் பிள்ளைகள் சிணுங்கினார்கள். கறுத்தால் கறுக்கட்டும் என்றேன்.

இத்தனை செய்தும் மனசு ஆறவில்லை. உங்கள் கதையை நான் சொன்னபோது கோயமுத்தூர் டாக்டர் போகிற போக்கில் கேட்ட ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாக நின்றது. "அந்த அக்காவுக்கு மகள் இருக்காங்களா?"

எஸ்தருக்கு முப்பத்தேழு வயதில் கட்டி வந்து கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்களே, ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் மூன்று நாள் நான்தானே இருந்தேன். சினைப்பையை எடுத்த அன்றே அவளுக்கும் நின்றுவிட்டது. இப்போது நாற்பது. உங்களுக்கு நின்ற வயதைவிடச் சின்ன வயதில், ஒரே நாளில். இதைச் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "கண்டிப்பா வரச் சொல்லுங்க" என்றார்.

யாரைச் சொல்லச் சொல்கிறார்? என் முகத்தில் விழிக்காதவளிடம் நான் எப்படிச் சொல்வது? வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்பலாமா என்று பத்து நாள் யோசித்தேன். கோழைத்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பஸ் மாறி அருள்புரம் போனேன். வழியெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன். நான் வேண்டுமென்றா செய்தேன், யாருக்குத் தெரியும் அப்போது, அக்காதானே வலிக்குது என்றார்கள். நல்ல நல்ல வாதங்கள்.

எஸ்தர் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "வாங்க" என்று சொல்லவில்லை.

"என்ன விசயம்?"

"அஞ்சு நிமிசம் பேசோணும் கண்ணு."

"சொல்லுங்க."

அவளுக்கு உங்கள் முகம். பஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்த வாதமெல்லாம் உதிர்ந்துவிட்டது. "நீ அன்னிக்குச் சொன்னது சரி கண்ணு," என்றேன். "நாந்தான் அக்காவைப் படுக்க வெச்சேன். நீ எழுப்பி விடுறேன்னு சொன்னே. நாந்தான் தடுத்தேன்."

பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. "இப்ப எதுக்கு இது?"

"இதைச் சொல்லாம அடுத்ததைச் சொன்னா நீ கேக்க மாட்டே."

அடுத்ததைச் சொன்னேன். மணிக்கட்டு, முதுகு, பலகை, எல்லாம் ஒரே நோய் என்றேன். அது அவளுக்கும் வரலாம் என்றேன். அவளுக்குச் சினைப்பை எடுத்த ஆபரேஷனைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"எனக்கு நாப்பது வயசுதான் ஆகுது."

"உன் எலும்புக்கு அது தெரியாது கண்ணு."

கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, "அறுத்து எடுக்கும்போது இதெல்லாம் ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்று கேட்டாள். என்னைக் கேட்ட மாதிரி இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

ஒன்பதாம் நாள் செல்லில் கூப்பிட்டாள். "கோயமுத்தூருக்கு எந்த பஸ்ல போகணும்?" அவ்வளவுதான் கேட்டாள். நானும் வர்றேன் கண்ணு என்றேன்.

போனோம் அக்கா. போன வியாழக்கிழமை. எஸ்தருக்கும் எலும்பு மெலிந்துதான் இருக்கிறது, ஆனால் இன்னும் உடைகிற கட்டத்துக்கு வரவில்லை. "இப்பவே வந்தது ரொம்ப நல்லது" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். சின்ன வயதில் நின்றுவிட்டதற்குத் தனியாக ஒரு மருந்து உண்டாம், அவளுக்கு அது ஆகுமா என்று பார்க்க மகப்பேறு டாக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார். சாப்பாடு, வெயில், நடை, பளு தூக்குகிற பயிற்சி எல்லாம் சொன்னார். எஸ்தர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் இரண்டு எள்ளுருண்டை வாங்கினாள். ஒன்றை என் கையில் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அம்மா நடந்திருந்தா பொழைச்சிருப்பாங்களா சித்தி?"

இதே கேள்வியை நானும் டாக்டரிடம் கேட்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "உறுதியாச் சொல்ல முடியாதாம் கண்ணு. நடந்திருந்தா பொழைக்க இன்னும் வழி இருந்திருக்குமாம்."

எஸ்தர் தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "உங்கள மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்ல சித்தி. அம்மாவும் மனசு வைக்கல. ஒரு நாள்கூட எந்திரிக்கணும்னு அவங்களா கேக்கல. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

பூவக்கா, அப்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதைத்தான் மூன்று வாரமாக எழுத முடியாமல் எழுந்து எழுந்து போகிறேன். நீங்கள் படுத்த ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எஸ்தர் வேலைக்குப் போயிருந்தாள். நான் உங்களுக்குத் தலை சீவிவிட்டு, கம்பெனிக்குக் கிளம்பச் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீங்கள் என் முந்தானையைப் பிடித்தீர்கள்.

"ஏட்டி தொளசி, என்னைய ஒருக்கா தூக்கி நிப்பாட்டுட்டி. வாசப்படி வரைக்கும் போயிட்டு வரணும் போல இருக்கு."

கேட்டீர்கள் அக்கா. நீங்களாகக் கேட்டீர்கள். உங்கள் பிடியில் வலு இருந்தது. எனக்கு அன்று லாரியில் ஏற்ற வேண்டிய சரக்கு இருந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாங்கக்கா, இப்பப் படுங்க" என்றேன். முந்தானையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது உங்களுக்குக் காய்ச்சல். அப்புறம் நீங்கள் கேட்கவில்லை.

நான் சொல்லாதவரை, உங்கள் மகள், தன் அம்மா வாழ ஆசைப்படாமல் படுத்துக்கொண்டார் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். சொன்னால், இப்போதுதான் ஒட்டிய உறவு மறுபடி அறுந்துபோகலாம். அவள் என்னோடு கோயமுத்தூருக்கு வருவது நின்றுபோனால்? நடப்பது நின்றுபோனால்? இப்படியெல்லாம் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். இவை அவளுக்கான பயமா, எனக்கான பயமா என்று நீங்கள் இருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவீர்கள்.

ஆனால் நீங்கள் எழுந்து நிற்க ஆசைப்பட்டீர்கள் என்பது அவளுக்குச் சொந்தம். அதை நான் வைத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் இந்தச் சத்தியம் செய்கிறேன் பூவக்கா. இந்தக் கடிதம் இதழுக்குப் போகும் முன் எஸ்தர் கைக்குப் போகும். வருகிற ஞாயிறு கோயில் ஆராதனை முடிந்து அவள் வீடு திரும்பும் நேரத்துக்கு அருள்புரத்தில் இருப்பேன். அவள் படித்து முடிக்கிறவரை அங்கேயே நிற்பேன். அச்சில் போட வேண்டாம் என்றால் போட மாட்டேன். முகத்தில் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு அடுத்த மாதம் அவளைக் கோயமுத்தூருக்குக் கூப்பிடப் போவேன். அவள் வராவிட்டால் அதற்கு அடுத்த மாதமும் போவேன்.

உடன் பிறக்காமல் உங்களுக்கு வாய்த்த தங்கச்சி,
துளசிமணி
நெருப்பெரிச்சல்